வெடியால மடங்காத விரல்கள்: கோபி வட்டாரத்திலிருந்து ஒரு முடக்குவாத நிகழ்வு ஆய்வு

நோயாளிக்கு வயது 46. கோபிசெட்டிபாளையத்தை அடுத்து, தடப்பள்ளி வாய்க்கால் பாயும் ஓர் ஊரைச் சேர்ந்தவர். கொஞ்சம் வயல், மூன்று கறவை மாடுகள். பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுவதுதான் மாதாமாதம் கைக்கு வரும் காசு. அவருடைய சம்மதத்தோடு, ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன்.

இவருக்கு வந்தது அபூர்வமான நோய் அல்ல. ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்கிற முடக்குவாதம், நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ வருவது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். நம் பக்கத்தில் இதைச் சரவாங்கி என்றும் சொல்வார்கள். ஒரு ஊராட்சிக்குப் பல பேராவது இருப்பார்கள். அப்படியிருந்தும் முதல் வீக்கத்துக்கும் முதல் சரியான மாத்திரைக்கும் இடையே இவருக்கு எட்டு மாதம் போய்விட்டது. அந்த எட்டு மாதம் எங்கெங்கே போனது என்று பார்ப்பதற்காகத்தான் இந்த ஆய்வு. ஏனென்றால் இந்த நோயில் எலும்பு அரிப்பது பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது. அரித்த எலும்பைத் திரும்ப வளர்க்கிற மருந்து எதுவும் கிடையாது.

அவர் சொன்னதும் கேட்டு வாங்கியதும்

வைகாசியில் கணவர் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தார். உட்கார்ந்ததும் அவர் சொன்னது இது: “வெடியால எந்திரிச்சா கை மடங்கவே மாட்டீங்குதுங்க. மடியப் புடிச்சா விரலு இறுக மாட்டீங்குது. சொசைட்டி வண்டி போனதுக்கு அப்புறம்தான் கை கொஞ்சம் வசத்துக்கு வருதுங்க டாக்டரு.”

நோயைக் கண்டுபிடிக்க வேண்டிய முக்கால்வாசி விஷயம் இந்த மூன்று வாக்கியத்திலேயே இருக்கிறது. பால் கறப்பது விடிகாலை ஐந்து மணி வேலை. கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே காம்பைப் பிடித்து, மேலிருந்து கீழாக ஒவ்வொரு விரலாக இறுக்க வேண்டும். ஒரு மாட்டுக்கே நூற்றுக்கணக்கான தடவை. முடக்குவாதம் முதலில் பிடிப்பது விரல்களின் அடி மூட்டு, நடு மூட்டு, மணிக்கட்டு. அது மிக மோசமாக இருப்பதும் விடிகாலையில்தான். இவருக்கு இறுக்கம் விட ஒன்பது மணி ஆகிறது, அதாவது நான்கு மணி நேரம். வயதானால் வரும் மூட்டுத் தேய்மானத்திலும் காலையில் இறுக்கம் இருக்கும்தான். ஆனால் எழுந்து நாலு எட்டு நடந்தால், பெரும்பாலும் அரை மணிக்குள் விட்டுவிடும். தேய்மானத்தில் வேலை செய்யச் செய்ய வலி ஏறும், உட்கார்ந்தால் குறையும். முடக்குவாதத்தில் நேர்மாறாக ஓய்வுக்குப் பிறகு இறுகும், அசைக்க அசைக்க இளகும். “வலி எங்கே” என்று கேட்பதோடு “எந்நேரம், எவ்வளவு நேரம்” என்றும் கேட்டால் பாதி வழி தெளிந்துவிடும்.

கையோடு கொண்டு வந்திருந்த சீட்டுகளில் எல்லாம் ‘சிக்கன்குனியாவுக்குப் பிந்தைய மூட்டுவலி’ என்று எழுதியிருந்தது. அந்த ஐப்பசியில் அவர்கள் ஊரில் காய்ச்சலும் மூட்டுவலியுமாகப் பலர் படுத்திருந்தது உண்மை. 2006-இல் தமிழ்நாட்டைப் போட்டுப் புரட்டிய அந்தக் காய்ச்சல் அதற்குப் பிறகும் அவ்வப்போது தலைகாட்டிக்கொண்டேதான் இருக்கிறது. அதில் மூட்டுவலி சிலருக்கு மாதக்கணக்கில் நீடிப்பதும், பார்வைக்கு முடக்குவாதம் போலவே இருப்பதும் உண்டு. அதனால் முதலில் பார்த்தவர் அப்படி எழுதியதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

“ஏனுங்கம்மா, காய்ச்சல் உங்களுக்கு வந்துச்சுங்களா?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். காய்ச்சல் வந்தது கணவருக்கும் பக்கத்து வீட்டு நங்கைக்கும். அவருக்கு வரவில்லை. வீட்டில் எல்லோருக்கும் மூட்டுவலி, அதனால் இவருக்கும் அதுதான் என்று ஆகிவிட்டது. இன்னும் பின்னால் போய்க் கேட்டபோது, ஐப்பசிக்கும் முன்னால், புரட்டாசி நோம்பிக்குப் பெருமாள் கோயில் போயிருந்தபோதே வெறுங்காலில் நடக்க முடியவில்லை என்றார். “கல்லு மேல நடக்கற மாதிரியே இருந்துச்சுங்க. செருப்புப் போட்டா தேவலாம்னு வெச்சுக்கிட்டேன்.”

பாதத்தின் முன்பகுதி மூட்டுகள் வீங்கும்போது நோயாளிகள் அடிக்கடி சொல்லும் விவரிப்பு இது. நோய் கையில் அல்ல, காலில் தொடங்கியிருக்கிறது. கொசு வந்து ஊரைக் கடிப்பதற்கு முன்பே தொடங்கியிருக்கிறது.

அப்புறம் நடந்தது வரிசையாக: பக்கத்தில் ஊசி போட்டுக்கொண்டார், ஊசி போட்டால் இரண்டு நாள் நன்றாக இருக்கும். ரத்தப் பரிசோதனையில், முடக்குவாதத்துக்காகப் பார்க்கும் ருமட்டாய்டு காரணி ‘நெகட்டிவ்’, யூரிக் ஆசிட் 6.4. ‘வாதம் இல்லை, யூரிக் ஆசிட்தான் கூட’ என்று சொல்லி அதற்கு மாத்திரை. பருப்பை விடச் சொன்னார்கள். அரிசிம்பருப்பு சாதத்தில் வளர்ந்தவர் கொள்ளு, பச்சைப்பயறு, துவரை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ரசமும் சோறுமாக மாதக்கணக்கில் ஓட்டியிருக்கிறார். வலி குறையவில்லை. உடம்புதான் வற்றியது.

மாசி மாதம் உறவினர் ஒருவர் வெளியூரிலிருந்து ஒரு பொடி கொண்டுவந்து கொடுத்தார். காகிதப் பொட்டலம், மேலே பெயரோ எழுத்தோ இல்லை. மூன்றாம் நாளே எழுந்து மாடு கறந்தார். பங்குனி நோம்பிக்கு வாசல் தெளித்துக் கோலம் போட்டார். முகம் உருண்டது, ‘சதை போட்டுட்டா’ என்று ஊரில் மகிழ்ந்தார்கள். இரண்டு மாதத்துக்குப் பிறகு பொடி தீர்ந்தது. அடுத்த சில நாளில் குமட்டல், தலைசுற்றல், படுக்கையை விட்டு எழவே முடியாத அசதி. ஒவ்வொரு மூட்டும் முன்பைவிட மோசமாக வீங்கியது. அந்த நிலையில்தான் வந்தார்.

கையைப் பிடித்துப் பார்த்தபோது

இரண்டு கைகளிலும் ஆள்காட்டி விரல், நடுவிரல் அடி மூட்டுகள் வீங்கி, முட்டிகளுக்கு நடுவே இருக்க வேண்டிய பள்ளம் மறைந்திருந்தது. நடு மூட்டுகள் உருண்டிருந்தன. மணிக்கட்டு இரண்டும் வெதுவெதுப்பு. தொட்டால் எலும்பு போலக் கெட்டியாக இல்லை, மெத்தென்று அமுங்கியது. நகத்துக்கு அடுத்த கடைசி மூட்டுகள் மட்டும் சுத்தமாக இருந்தன. முடக்குவாதம் அந்தக் கடைசி மூட்டுகளைப் பெரும்பாலும் தொடுவதில்லை. தேய்மானம் முதலில் பிடிப்பதே அங்கேதான். இந்த ஒரு வித்தியாசத்தைப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம்.

கையைக் குலுக்குவது போல விரல்களின் அடி மூட்டு வரிசையை இரு பக்கமும் சேர்த்து லேசாக அழுத்தினேன். கண்ணில் நீர் வந்துவிட்டது. பாதத்திலும் அதே. இந்த அழுத்தும் சோதனைக்கு அரை நிமிடம் போதும். கிராமத்துச் செவிலியர், இயன்முறை மருத்துவர், யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

தோலில் சொரியாசிஸ் திட்டு இல்லை. தலைமுடிக்குள்ளும் காதுக்குப் பின்னாலும் நகத்திலும் தேடிப் பார்த்தேன், ஏனென்றால் அந்த நோயும் மூட்டைப் பிடிக்கும். முகத்தில் வெயில் பட்டுச் சிவக்கும் தடிப்பு, வாய்ப்புண், முடி கொட்டுதல் இல்லை. இருமல், மூச்சிரைப்பு இல்லை. நுரையீரலை இந்த நோய் தாக்குவது உண்டு என்பதால் முதுகுப் பக்கம் அடி வரை வைத்துக் கேட்டேன், தெளிவாகவே இருந்தது.

நோயின் உக்கிரத்தை அளக்க எண்ணும் 28 மூட்டுக் கணக்கில் தொட்டால் வலிப்பவை 12, வீங்கியவை 9. பாதம் இந்தக் கணக்கில் வராது, அதைத் தனியாகக் குறித்துக்கொண்டேன்.

தாளில் வந்த எண்கள்

ஹீமோகுளோபின் 9.8. உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ஈ.எஸ்.ஆர் 68. அதையே காட்டும் சி.ஆர்.பி லிட்டருக்கு 42 மில்லிகிராம். சாப்பிட்ட பிறகு சர்க்கரை 212, முன்பு எப்போதும் சர்க்கரை இருந்ததில்லை. அட்ரினல் சுரப்பியின் ஹார்மோனான கார்டிசால் காலை எட்டு மணிக்கு 3.1, குறைவு. ருமட்டாய்டு காரணி மறுபடியும் நெகட்டிவ். முடக்குவாதத்தைக் காட்டும் எதிர்ப்பொருளான ஆன்டி சி.சி.பி 168, அந்த ஆய்வகத்தில் 20-க்குக் கீழே இருந்தால்தான் இயல்பு.

ருமட்டாய்டு காரணி என்ற பெயரே பலரை ஏமாற்றுகிறது. முடக்குவாதம் உள்ளவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது அது நெகட்டிவாக இருக்கும். நோயே இல்லாத ஆரோக்கியமானவர்கள் சிலருக்கும், காசநோய், ஹெபடைட்டிஸ் சி போன்றவை உள்ளவர்களுக்கும் பாசிட்டிவாக வரும். ஆன்டி சி.சி.பி அப்படி அல்ல. அது பாசிட்டிவாக வந்தால், அதுவும் இயல்பின் உச்ச அளவைப் போல மூன்று மடங்குக்கு மேல் வந்தால், முடக்குவாதம்தான் என்று பெரும்பாலும் நம்பலாம். பலருக்கு நோய் வெளியே தெரிவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ரத்தத்தில் அது இருந்துகொண்டிருக்கும். இரண்டுமே நெகட்டிவாக இருந்தும் நோய் இருக்கலாம். அப்போது கைதான் சாட்சி.

யூரிக் ஆசிட் பற்றி ஒரு வார்த்தை. யூரிக் ஆசிட் படிகங்களால் வரும் மூட்டுநோயான கௌட், மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு வருவது அரிது. வந்தாலும் பெரும்பாலும் ஒரே மூட்டில், ராத்திரியோடு ராத்திரியாகச் சிவந்து வீங்கி, சில நாளில் அடங்கும். மாதக்கணக்கில் இரு கையும் ஒருசேர வீங்கியிருப்பதை 6.4 என்ற எண்ணைக் காட்டி கௌட் என்று சொல்ல இடமில்லை. மூட்டுவலி என்றதும் யூரிக் ஆசிட்டும், தொண்டைக் கிருமித் தொற்றின் தடயம் பார்க்கும் ஏ.எஸ்.ஓ டைட்டரும் எழுதுகிற பழக்கம் நம் ஊர்களில் வேரோடிக் கிடக்கிறது. அந்தக் காசில் ஒரு சி.ஆர்.பியும், முடிந்தால் ஆன்டி சி.சி.பியும் பார்த்திருந்தால் இவருக்குக் கார்த்திகையிலேயே நோய் தெரிந்திருக்கும்.

சிக்கன்குனியாவுக்கான ஐ.ஜி.ஜி பரிசோதனை செய்யவில்லை. இந்த வட்டாரத்தில் எப்போதோ தொற்று வந்து போன பலருக்கும் அது பாசிட்டிவாகவே இருக்கும், வந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை.

எக்ஸ்ரே: கையில் மூட்டை ஒட்டிய எலும்பின் அடர்த்தி குறைந்திருந்தது, அரிப்பு இல்லை. பாதத்தையும் எடுத்துப் பார்த்தபோது இடது சுண்டுவிரலின் அடி எலும்புத் தலையில் கடித்து எடுத்தது போல ஒரு பள்ளம். முதல் அரிப்பு பாதத்தின் அந்த இடத்தில் தெரிவது வழக்கம். கையை மட்டும் படம் எடுத்துவிட்டு ‘எலும்பு நன்றாக இருக்கிறது’ என்று எழுதுவதால் தவறிப்போவது இதுதான்.

அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுநோய்ச் சங்கங்கள் 2010-இல் சேர்ந்து வகுத்த மதிப்பெண் முறையில் 10-க்கு 6 வந்தாலே முடக்குவாதம். இவருக்குப் பத்து மூட்டுக்கு மேல் பாதிப்பு 5, அதிக அளவு ஆன்டி சி.சி.பி 3, சி.ஆர்.பி உயர்வு 1, ஆறு வாரத்துக்கு மேல் 1, ஆக 10-க்கு 10. நோயின் உக்கிரத்தைக் காட்டும் டி.ஏ.எஸ் 28 அளவு 6.7. 5.1-க்கு மேல் போனாலே தீவிரம்.

மூட்டுக்குள் என்ன நடக்கிறது

மூட்டின் உள்சுவரில் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. எண்ணெய் போன்ற திரவத்தைச் சுரந்து மூட்டு வழுக்கி ஓட வைப்பது அது. முடக்குவாதத்தில் கிருமிகளோடு சண்டை போட வேண்டிய நம் எதிர்ப்பு அணுக்கள் இந்தச் சவ்வுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்கின்றன. சவ்வு தடித்து, புது ரத்தக்குழாய்கள் விட்டு, குருத்தெலும்பின் மேல் படர்கிறது. வரப்பிலிருந்து வயலுக்குள் கோரை ஏறுவதைப் பார்த்திருப்பவர்களுக்கு இது புரியும்: ஓரத்தில் தொடங்கும், மேலே கொஞ்சம்தான் தெரியும், அடியில் கிழங்கு ஓடிக்கொண்டிருக்கும். வலி மாத்திரை மேலே தெரிவதை மட்டும் அறுக்கிறது.

இதற்கு ஒரே காரணம் இல்லை. பிறப்பிலேயே வரும் மரபணு வாகு, புகைபிடித்தல், ஈறுநோய் எனப் பலதும் சேர்கின்றன. தயிர் சாப்பிட்டதாலோ வாய்க்கால் தண்ணீரில் நின்றதாலோ வருவதல்ல. அவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான் என்பதால் எழுதுகிறேன்.

அந்தப் பொடி

பொட்டலம் காலியாகத்தான் வந்தது, ஆய்வுக்கு அனுப்ப ஒன்றுமில்லை. ஆனால் உருண்ட முகம், புதிதாக வந்த சர்க்கரை, நிறுத்தியதும் வந்த அசதியும் குமட்டலும், தாழ்ந்த கார்டிசால், எல்லாம் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன: ஸ்டீராய்டு. பெயரில்லாத மூட்டுவலிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது ஆய்வுகளில் பலமுறை வெளிவந்திருக்கிறது. பதிவு பெற்ற சித்த மருத்துவர் பார்த்து எழுதித் தரும் மருந்தை நான் இங்கே சொல்லவில்லை. யார் செய்தது, உள்ளே என்ன என்று தெரியாத பொட்டலத்தைச் சொல்கிறேன்.

ஸ்டீராய்டு மாயம் செய்யும் என்பது உலகத்துக்குத் தெரிந்ததே முடக்குவாதத்தால்தான். 1948-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச், எழ முடியாமல் கிடந்த ஓர் இளம்பெண்ணுக்கு கார்டிசோன் கொடுத்தார். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். 1950-இல் ஹென்ச்சுக்கும், வேதியியலாளர்களான கெண்டலுக்கும் ரைக்ஸ்டைனுக்கும் நோபல் பரிசு. ஆனால் மருந்தைத் தொடரத் தொடர முகம் உருண்டு, மனம் தடுமாறி, பக்கவிளைவுகள் வரிசை கட்டியதையும் சீக்கிரமே அதே மருத்துவர்கள் பார்த்தார்கள். முக்கால் நூற்றாண்டுக்கு முன்பு கற்ற பாடத்தை இந்த அம்மா தன் உடம்பில் மறுபடியும் கற்றிருக்கிறார். அது எனக்குத் தாங்கவில்லை.

இரண்டு மாதம் ஸ்டீராய்டு உள்ளே போயிருந்தால், உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசாலைக் குறைத்துவிடும். அதனால் திடீரென்று விடக் கூடாது. அவருக்குத் தெரிந்தே, அளவு தெரிந்தே, பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை 10 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாகக் குறைப்பது என்று வைத்துக்கொண்டோம்.

வியாழக்கிழமை மாத்திரை

மையமான மருந்து மெத்தோட்ரெக்சேட். நெஞ்சு எக்ஸ்ரே, ஹெபடைட்டிஸ் பி, சி, கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகள் சரியாக இருந்த பிறகு வாரம் 10 மில்லிகிராமில் தொடங்கினோம். மாதவிடாய் தள்ளித் தள்ளி வந்தாலும் இன்னும் நிற்கவில்லை என்பதால் கருத்தரிக்கும் வாய்ப்பையும் கேட்டாக வேண்டும். இந்த மருந்து கருவுக்குக் கேடு. பெண் மருத்துவரோ செவிலியரோ தனியாக உட்கார வைத்துக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். இவர் குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்.

கூடவே முடக்குவாதத்துக்கே இன்னொரு மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுவின் தினம் 200 மில்லிகிராம், போலிக் ஆசிட், கால்சியம், வைட்டமின் டி, சர்க்கரைக்கு மெட்பார்மின். பருப்பை மறுபடியும் சாப்பிடச் சொன்னதில்தான் அவர் முகம் முதல் தடவையாக மலர்ந்தது.

மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். இதை எவ்வளவு சொன்னாலும் போதாது. நாம் எல்லோரும் மாத்திரையைத் தினமும் போட்டுப் பழகியவர்கள். இதைத் தினமும் போட்டால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் சரிந்து, உயிருக்கே ஆபத்து. கடையில் 2.5, 5, 7.5, 10, 15 என்று பல அளவில் கிடைப்பதால் எண்ணிக்கையிலும் குழப்பம் வரும். எனவே ஒரே அளவு மாத்திரை, நாலு வாரத்துக்கு மட்டும், அட்டையின் பின்னால் பேனாவால் ‘வியாழன் ராத்திரி’. அவர்கள் போகும் சந்தை வியாழக்கிழமை, அதனால் நாள் மறக்காது. போலிக் ஆசிட் சனியும் ஞாயிறும். மருமகளையும் உட்கார வைத்துச் சொன்னோம், திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டோம்.

இந்த மருந்து வேலை செய்ய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதைச் சொல்லாமல் அனுப்பினால் மூன்றாம் வாரமே ‘கேக்கலீங்க’ என்று விட்டுவிடுவார்கள். அந்த இடைவெளியைத் தாண்டத்தான் குறைந்த அளவு ஸ்டீராய்டு.

ஆவணியில் மெத்தோட்ரெக்சேட் 15-க்கு ஏறியிருந்தது. டி.ஏ.எஸ் 4.8. காலை இறுக்கம் ஒரு மணி நேரமாகக் குறைந்தது. நல்ல முன்னேற்றம், ஆனால் போதாது. 2004-இல் கிளாஸ்கோவிலிருந்து வெளிவந்த டிகோரா ஆய்வு இந்தச் சிகிச்சையின் போக்கையே மாற்றியது. அதே பழைய மருந்துகள்தான். ஒரு குழுவை மாதாமாதம் பார்த்து, மூட்டை எண்ணி, இலக்கு எட்டும்வரை மருந்தைக் கூட்டினார்கள். இன்னொரு குழுவை வழக்கம்போலப் பார்த்தார்கள். நோய் அடங்கியவர்கள் முதல் குழுவில் 65 சதவீதம், இரண்டாவதில் 16 சதவீதம். மருந்து புதிதாக வேண்டியதில்லை, விடாமல் எண்ணிப் பார்ப்பதே பெரிய மருந்து என்று அன்றிலிருந்து தெரியும். நாங்களும் அளவைக் கூட்டுவதாகச் சொல்லி அனுப்பினோம்.

ஐப்பசியில் அவர் வரவில்லை. கார்த்திகையிலும் வரவில்லை.

நின்றுபோன இரண்டு மாதம்

மார்கழிக் கடைசியில் மணிக்கட்டு வீங்கி வந்தார். முதலில் ‘மாத்திரை போட்டுக்கிட்டுத்தானுங்க இருக்கறேன்’ என்றார். மெத்தோட்ரெக்சேட் போட்டால் சற்றுக் கூடும் சிவப்பணுக்களின் பருமன் ரத்தத்தில் பழையபடி இறங்கியிருந்தது, அது ஒரு சின்னத் துப்பு. மெல்லக் கேட்டதில் மருமகள்தான் சொன்னார். ஒரு கல்யாணச் சீரில் உறவுக்காரப் பையன் மாத்திரை அட்டையைப் பார்த்து, போனில் தேடி, “அத்தை, இது கேன்சர் மாத்திரை” என்று சொல்லியிருக்கிறான். அன்று ராத்திரி முழுக்க அழுதிருக்கிறார். தனக்குப் புற்றுநோய், அதை டாக்டர் மறைக்கிறார் என்று நினைத்துவிட்டார். மெத்தோட்ரெக்சேட்டை விட்டுவிட்டு, பழைய சீட்டைக் கடையில் காட்டிப் பிரெட்னிசலோனை மட்டும் வாங்கிப் போட்டுவந்திருக்கிறார். எதை நிறுத்த வேண்டுமோ அது தொடர்ந்தது, எது தொடர வேண்டுமோ அது நின்றது.

பையன் சொன்னது பொய்யும் அல்ல. புற்றுநோய்க்காகத்தான் இந்த மருந்து முதலில் வந்தது. அதை உருவாக்கிய லெடர்லி ஆய்வகத்தின் ஆராய்ச்சியைத் தலைமை தாங்கி நடத்தியவர் எல்லப்பிரகடா சுப்பாராவ். பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போனவர். புற்றுநோய்க்குச் சில சமயம் கிராம் கணக்கில் ஏற்றுவார்கள். முடக்குவாதத்துக்கு வாரம் 25 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. அந்தச் சிறிய அளவில் அது செய்வது வேறு வேலை, எதிர்ப்பு அணுக்களின் கொதிப்பைத் தணிப்பது. 1980-களில் நடந்த ஆய்வுகளுக்குப் பிறகு உலகம் முழுக்க முடக்குவாதத்துக்கு முதல் மருந்து இதுதான்.

இப்போதெல்லாம் முதல் சீட்டு எழுதும்போதே இதைச் சொல்லிவிட வேண்டியிருக்கிறது, அட்டையைப் போனில் காட்டித் தேடாத வீடு இல்லை. சொல்லும்போது அவர் மட்டுமல்ல, வீட்டில் மாத்திரை எடுத்துக்கொடுப்பவரும் இருக்க வேண்டும். மாத்திரை போட்ட மறுநாள் குமட்டல் இருந்ததும் அவர் பயத்துக்கு ஒத்தூதியிருக்கிறது. ராத்திரி சோறு உண்ட பிறகு போட்டுவிட்டுப் படுத்தால் அது பெரும்பாலும் அடங்கும். அடங்காதவர்களுக்கு இதே மருந்தைத் தோலுக்கடியில் ஊசியாகப் போடலாம்.

தையில் மறுபடியும் தொடங்கி 20-க்குக் கொண்டுபோனோம். சல்பாசலசினும் சேர்த்தோம், சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி. மெத்தோட்ரெக்சேட், சல்பாசலசின், ஹைட்ராக்சிகுளோரோகுவின் மூன்றும் சேர்ந்த சிகிச்சை, மெத்தோட்ரெக்சேட்டுடன் விலை உயர்ந்த எட்டனர்செப்ட் ஊசி சேர்த்ததற்குக் குறைவில்லை என்று 2013-இல் ஓடெல் குழுவினரின் ஆய்வு காட்டியது. பால் காசில் குடும்பம் நடத்துபவருக்கு இது பெரிய செய்தி. இந்த மூன்றுக்கும் அடங்காதபோதுதான் எட்டனர்செப்ட் போன்ற உயிரியல் ஊசிகளும் டோபாசிடினிப் வகை மாத்திரைகளும். அவற்றுக்கு முன் உறங்கும் காசநோய் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். டோபாசிடினிப்பில் இதயநோய், ரத்தம் உறைதல் பற்றிய எச்சரிக்கையும் உண்டு. அந்தக் கட்டத்துக்குப் போகிறவர்களை மூட்டுநோய் நிபுணரிடம் அனுப்புவதே முறை. கோவையில் இருக்கிறார்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையிலும் வேலூர் சி.எம்.சி.யிலும் தனித் துறையே உண்டு.

கைக்கான வேலை

மருந்து மட்டும் போதாது. ராத்திரி மணிக்கட்டுக்குப் பட்டை. காலையில் ஒரு போசியில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் கை வைத்து விரலை மடக்கி நீட்டுவது. சீமாறு, களைக்கொத்து, கரண்டிப் பிடிகளில் துணி சுற்றிப் பருமனாக்கியது. குடத்தைக் கையில் தூக்காமல் இடுப்பில் அணைப்பது. கறவையை மருமகள் ஏற்றுக்கொண்டார். மூன்றில் ஒரு மாட்டை விற்றார்கள், அதற்கு அவர் ஒப்புக்கொள்ளவே வெகு நாளானது. மடிக்குப் பக்கத்தில் போகாமல் இருக்க அவரால் முடியவில்லை. இப்போது காம்பு கழுவுவதும் தீவனம் வைப்பதும் அவர் பங்கு.

மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறார். தனக்கும் வருமா என்று கேட்டார். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் மற்றவர்களைவிட வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு, ஆனாலும் பெரும்பாலானோருக்கு வருவதில்லை. அச்சில் வார்த்த இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால்கூட மற்றவருக்கு வருவது ஏறக்குறைய ஏழில் ஒருவருக்குத்தான். மகளுக்கு இருந்த வலி கட்டைவிரல் அடியில், ஒரே கையில், கத்தரி பிடிக்கும்போது மட்டும். அது தசைநாண் உரசல், வேறு விஷயம். ஆனால் இரு கையும் காலையில் இறுகினால், மூட்டு வீங்கினால், ஆறு வாரம் காத்திருக்காமல் வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறோம்.

இந்த ஆனியில் எடுத்த கணக்கு: வலிக்கும் மூட்டு 1, வீங்கியது இல்லை, ஈ.எஸ்.ஆர் 22, டி.ஏ.எஸ் 2.9. நோய் குறைவான நிலை. 2.6-க்குக் கீழே போனால்தான் முழு அடக்கம் என்பதால் மருந்தைக் குறைக்கவில்லை. ஹீமோகுளோபின் 11.4. பாத எக்ஸ்ரேயில் அந்த ஒரு பள்ளம் அப்படியே இருக்கிறது, புதிதாக எதுவும் இல்லை. சர்க்கரை மெட்பார்மினில் நிற்கிறது. முடக்குவாதம் இதயத்தையும் பாதிப்பதால் கொழுப்பும் ரத்த அழுத்தமும் பார்த்தாயிற்று. ஹைட்ராக்சிகுளோரோகுவினுக்காகக் கண் பரிசோதனையும் முடிந்தது. பிரெட்னிசலோன் 2.5-இல் இருக்கிறது. அடுத்த ரத்தப் பரிசோதனை ஆவணியில், கார்டிசால் சரியாக இருந்தால் அன்றைக்கு அதையும் நிறுத்திவிடலாம்.